மரவட்டை முதல் வரையாடு வரை: குழந்தைகளோடு மலைக்குப் போகிறவர்களுக்கு

நாலு வயதுக் குழந்தை காட்டுப் பாதையில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சில நாள் அரை கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மலைப் பயணத்தில் வரும் சண்டைகளில் பாதி வராது.

எனக்கு இது புரிந்தது வால்பாறையில். எதிர்ச் சரிவில் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, கன்றுகளும் இருந்தன. "அங்கே பாரு கண்ணு, அங்கே பாரு" என்று நான் மகளின் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். அவளோ குந்தி உட்கார்ந்து, பாதையோரத்தில் கிடந்த ஒரு கறுப்பு உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோலிக்குண்டு அளவு, அதே பளபளப்பு. இரண்டு மூன்று நிமிடம் கழித்து உருண்டை மெல்லப் பிளந்து, கால்கள் வெளியே வந்து, நடக்கத் தொடங்கியது. தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஒருவகை மரவட்டை அது. வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். காட்டுமாடு அவள் நினைவில் இல்லவே இல்லை.

அவள்மேல் தவறில்லை. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கு சின்னக் குழந்தைக்கு ஒரு புள்ளி. கைக்கெட்டும் தூரத்தில் ஊர்வதுதான் விலங்கு. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: முழங்கால் உயரத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். யானையும் வரையாடும் பிறகு வரட்டும். மூன்றிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை ஆனைமலை, நீலகிரி, பழனிமலைப் பக்கம் முதல்முறையாக நடக்கக் கூட்டிப்போகும் அம்மா அப்பாக்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

மலைக்கு முன், ஒரு மாதம் ஊரிலேயே

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பக்கத்துக் குளக்கரைக்கோ தோட்டத்துக்கோ போங்கள். நோக்கம் மூன்று. முதலாவது காலணி. மலையில் போடப்போகும் ஷூவை இங்கேயே நாலைந்து முறை போட்டு நடந்திருக்க வேண்டும். புது ஷூவோடு மலையில் இறங்கினால் அரை மணியில் குதிகாலில் கொப்புளம், பிறகு உங்கள் இடுப்பில் பிள்ளை. ஷூ ஒரு விரல் அளவு பெரிதாக, அடிப்பாகம் வரிவரியாக இருந்தால் போதும். வளரும் காலுக்கு விலையுயர்ந்த மலையேற்ற பூட்ஸ் வேண்டியதில்லை.

இரண்டாவது, சிலை விளையாட்டு. நீங்கள் கையை உயர்த்தினால் எல்லோரும் அந்த இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும், வாயும் அசையக் கூடாது. ஊரில் இது விளையாட்டு. காட்டில் பாதையைக் கடக்கும் விலங்கைப் பார்த்ததும் நீங்கள் கையைத் தூக்கினால், பிள்ளை கத்தாமல் ஓடாமல் நிற்பதற்கு இதுதான் பயிற்சி. ஐம்பது முறையாவது விளையாடி, யோசிக்காமலே நிற்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, காது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். புதிதாக ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். முதல் வாரம் காக்காயும் பஸ்ஸும்தான். நாலாவது வாரம் குக்குறுவான், வால்காக்கை என்று பறவைக் குரல்களைப் பிரித்துச் சொல்வார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் தன் இடத்திலிருந்தே பதினைந்து நிமிடம் பார்த்து, எண்ணிக்கையை இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம். பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம். தான் எண்ணியது எங்கேயோ போய்ச் சேர்கிறது என்பதில் ஐந்து வயதுக்காரருக்கு வரும் பெருமிதத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது

முதல் இடத்துக்கு என் ஓட்டு கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு. 116 ஹெக்டேர் பரப்புள்ள சோலைக்காடு, ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வனத்துறையிடம் அனுமதி பெற்று உள்ளே நடக்கலாம். சோலை என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். வெளியே வெயில், பத்தடி உள்ளே வைத்ததும் இருட்டும் குளிர்ச்சியும். மரத்தின் பாசியைத் தொடச் சொன்னால் ஈரம் விரலில் ஒட்டும். மழையை இந்தக் காடு வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது என்பதை அந்த விரலைக் காட்டியே சொல்லிவிடலாம். கோவைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வரி சேர்த்துச் சொல்வேன்: நம் வீட்டுக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரும் இப்படி ஒரு மலைக்காட்டில்தான் பிறக்கிறது.

இரண்டாவது வால்பாறை. ஆழியாறிலிருந்து ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை ஒட்டிய காட்சிமுனைப் பக்கம் பாறைச் சரிவில் வரையாடுகளைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. வரை என்றால் மலைப்பாறை. பாறையில் வாழும் ஆடு வரையாடு. பெயரிலேயே விளக்கம் இருப்பதால் பிள்ளைகள் மறப்பதில்லை. நம் மாநில விலங்கும் அதுதான். மேலே போனால் புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்குப்போல் குஞ்சம். அங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டையான தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள், வண்டியில் அடிபடாமல் குரங்குகள் கடப்பதற்கு. தீயணைப்பு வண்டியின் பழைய குழாய்களைக் கொண்டு செய்தவை அவை. என் மகன் குரங்கைவிட அந்தப் பாலத்தைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

வரையாட்டை அருகில் காட்ட ஆசைப்பட்டால் மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலை. பூங்கா வண்டியில் மேலே போய், தார்ச்சாலையில் நடக்க வேண்டியதுதான். ஆடுகள் சாலையோரத்திலேயே மேயும். குட்டி ஈனும் பருவத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில், பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக். ஒரு கிலோமீட்டர் தளமிட்ட நடைபாதை, கீழே சமவெளி வரை தெரியும். கூட்டத்துக்கு முன், காலையிலேயே போய்விடுங்கள்.

நடந்து பழகிய பிறகு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள். 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளோடு தொடங்கினார்கள். எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவுசெய்துகொண்டால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். குழந்தைகளுக்கு எளிய பாதை மட்டும். ஒவ்வொரு பாதைக்கும் உள்ள வயது விதியைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

எங்கே போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாத காப்புக்காட்டுக்குள் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். "நமக்குத் தெரிஞ்ச இடம்தான், ஃபாரஸ்ட் கார்டு ஒண்ணும் சொல்லமாட்டார்" என்று விடுதியில் சொல்வார்கள். இரவில் ஜீப்பில் விளக்கடித்து விலங்கு காட்டுகிறோம் என்பார்கள். இரண்டுமே சட்டத்துக்குப் புறம்பு. அதைவிடப் பெரிய காரணம், உங்கள் பிள்ளை காட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த முதல் நாளில்தான் கற்கிறது.

எந்த மாதம்

ஜனவரியும் பிப்ரவரி முதல் வாரமும் மிக நல்லவை. வானம் தெளிவு, அட்டை குறைவு, காலைக் குளிர் மட்டும் கடுமை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண்சரிவு வரும் காலம்.

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்த புல்வெளிப் பக்கம் குழந்தைகளோடு போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏறப்போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆளுயரப் புல்லில் தீ மனிதர் ஓடும் வேகத்தைவிட வேகமாகச் சரிவில் ஏறும். தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுவது அதனால்தான். மே விடுமுறையில் ஒன்றிரண்டு மழை பெய்த பிறகு போகலாம். ஆனால் அப்போது மலை முழுக்க வண்டி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். நீங்கள் போகும் ஊருக்கும் வேண்டுமா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

வளைவுகளில் வாந்தி

இதைப் பெரிய விஷயமாக யாரும் எழுதுவதில்லை, ஆனால் பல குழந்தைகளுக்கு மலை என்றாலே வாந்திதான் நினைவுக்கு வருகிறது. கிளம்பும் காலையில் பால் வேண்டாம். இரண்டு இட்லி, அல்லது உலர்ந்த ரொட்டி. வளைவு தொடங்கும் முன் போனையும் படப்புத்தகத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள். பிள்ளையின் கண் சாலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஆகவே வளைவு எண்ணும் வேலையை அதனிடமே கொடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது. பத்து வளைவுக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இறங்குங்கள். ஓட்டுபவர் அவசரப்படக் கூடாது. மாத்திரை வேண்டுமென்றால் முந்தின வாரமே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்கள் போடுவதைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

பையில் என்ன

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கும் சற்று மேல் குளிர் கூடும். கோவை 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். பதினோரு, பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போட்டுத் துணி எடுங்கள். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. நடக்கும்போது வியர்க்கும், உட்கார்ந்ததும் நடுங்கும், கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கலாம். முழுக்கை, முழுக்கால், மங்கிய பச்சை அல்லது காக்கி. வாசனைத் தைலம், சென்ட் எதுவும் வேண்டாம். பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீக்களை அந்த வாசனை சீண்டிவிடக் கூடாது.

கைக்குழந்தையை முதுகுப்பையில் சுமப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது, அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கை கால் சில்லிட்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். தலை நன்றாக நின்று, தானாக உட்காரத் தொடங்கிய பிறகே அந்தப் பையில் வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளிச்சாதம், பொடி தடவிய இட்லி, கடலை மிட்டாய். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஆரஞ்சுத் தோலும் திரும்ப வர வேண்டும், அதற்கு ஒரு காலிப் பை.

பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பை. அதில் அதன் தண்ணீர், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு முழம் கயிறு, பென்சில், நோட்டு. கயிறு எதற்கென்று பிறகு சொல்கிறேன். பைனாகுலர் ஆறு வயதுக்கு முன் வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் பொருந்தாமல், எதுவும் தெரியாமல் சலித்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு விசில் கட்டாயம். பாடம் இரண்டே வரி: "அம்மா அப்பா தெரியலையா? நடக்காதே, பக்கத்து மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு மூணு தடவை ஊது." தேடிக்கொண்டு நடக்கும் குழந்தையைவிட ஒரே இடத்தில் நிற்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது பலமடங்கு எளிது.

நடை

உங்கள் தனி நடைக்கு ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்குங்கள். போக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்பிவிடுங்கள். முனை, அருவி, உச்சி எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் அதை அடையும் வரை "இன்னும் எவ்வளவு தூரம்?" நிற்காது. பிள்ளை களைக்கும் முன்பே திரும்ப வேண்டும், ஏனென்றால் களைத்த பிறகும் பாதி வழி மிச்சம் இருக்கும்.

வழிகாட்டி முன்னே. குழந்தை நடுவே. பெரியவர் ஒருவர் எப்போதும் கடைசி. மூத்த பிள்ளை ஓடி முன்னே போகத்தான் பார்க்கும். வழிகாட்டிக்கு அடுத்த இடத்தை அதற்குக் கொடுத்து, "கல்லு, வேர் இருந்தா பின்னாடி இருக்கறவங்களுக்குச் சொல்றது உன் வேலை" என்று சொல்லிவிடுங்கள்.

பேசலாமா, கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நடக்கும்போது வழக்கமான குரலில் பேசுங்கள். புதர் மறைக்கும் திருப்பத்தில் ஒருமுறை கை தட்டுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி உண்டு. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்துத் திடுக்கிடும் கரடிதான் ஆபத்து. மௌனமெல்லாம் பாதுகாப்பான இடம் பார்த்து உட்காரும்போது. பத்து நிமிடத்துக்கு ஒரு உட்கார்தல், அதில் இரண்டு நிமிட மௌனம். நாலு வயதுக்கு இரண்டு நிமிடமே நீளம்.

தடம், சாணம், சத்தம்

விலங்கு பார்ப்பது அதிர்ஷ்டம். விலங்கு விட்டுப்போனதைப் பார்ப்பது மட்டும் எல்லா நாளும் நடக்கும். நான் அதிகம் செலவழிக்கும் நேரம் இதில்தான்.

யானைச் சாணம் கிடைத்தால் அதிர்ஷ்டசாலி. பழையதா புதியதா என்று முதலில் வழிகாட்டி சொல்லட்டும். புதிதென்றால் அங்கே நிற்கவே வேண்டாம். பழைய சாணமென்றால் ஒரு குச்சியால் கிளறலாம். யானை ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்றாலும் அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அதனால் சாணத்தில் புல் புல்லாகவே இருக்கும், விதை விதையாகவே இருக்கும். மழைக்குப் பிறகு சாணத்திலேயே முளைவிட்ட நாற்றைப் பார்த்திருக்கிறோம். சாணவண்டு உருட்டிப் போவதைக் கண்டால் அன்றைய நடை அங்கேயே முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை நகராது.

கயிறு யானைத் தடத்துக்கு. ஈரமண்ணில் முன்னங்கால் தடம் வட்டமாக, தெளிவாகக் கிடைத்தால், அதைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்துகொள்ளுங்கள். முழக்கயிறு பற்றாது, பிள்ளையின் கயிற்றோடு உங்கள் கயிற்றையும் முடிந்துகொள்ள வேண்டும். அந்தச் சுற்றளவைப்போல் இரண்டு மடங்குதான் ஏறத்தாழ யானையின் தோள் உயரம். விடுதிக்கு வந்து, அதே கயிற்றைச் சுவரில் இரண்டு முறை வைத்து உயரத்தைக் குறித்தோம். என் மகள் அந்தக் குறியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. யானையை நேரில் பார்த்த நாளில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

பூனை இனத்துத் தடமா நாய்த்தடமா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுக்கலாம். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், தடத்தில் நகக்குறி இராது. நாய்த்தடத்தில் விரல் நுனியில் நகம் குத்தியிருக்கும். தெருநாயின் தடத்தை ஊரிலேயே பார்த்து வைத்திருந்தால் இந்தப் பாடம் ஒரு நிமிடம்தான்.

அடுத்தது சத்தம். அதிகாலையில் ஓடைப்பக்கம் யாரோ பையன் சீட்டியடிப்பதுபோல், ராகம் மறந்து மறந்து பாடுவதுபோல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. பிள்ளைகள் பதில் சீட்டியடிக்கப் பார்ப்பார்கள், ஒருமுறை மட்டும் அடிக்க விடுங்கள். மரத்து உச்சியில் கடகடவென்று திட்டுவதுபோல் கேட்டால் மலையணில். ஊர் அணிலைவிடப் பலமடங்கு பெரிய உடம்பு, மரூன் நிறம், உடம்பைவிட நீளமான வால். மேலே பார்த்தால் கிளைக் கவட்டில் இலைகளைப் பந்தாகச் சேர்த்த கூடும் தெரியலாம். தலைக்கு மேலே நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோல் ஒலி வந்தால் எல்லோரும் அண்ணாந்து பாருங்கள், பெரிய இருவாச்சி பறக்கிறது. அது சிறகடிக்கும் சத்தம்தான். மேட்டுப்பாளையம் ரயிலில் போன பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். அடைகாக்கும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், சின்னப் பிளவு வழியாக ஆண் பழம் ஊட்டும் என்று அன்றிரவு கதையாகச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு அதே கதையைக் கேட்பார்கள்.

மரவட்டையைத் தொடலாம், தொட்டபின் கையைத் துடைக்காமல் கண்ணில் வைக்கக் கூடாது. அதன் திரவம் எரியும். பூரானைத் தொடவே கூடாது, கடிக்கும். உடம்பின் ஒரு வளையத்துக்கு இரண்டு சோடிக் கால் என்றால் மரவட்டை, ஒரு சோடி என்றால் பூரான். ஆனால் கால் எண்ணுமளவு பூரான் நிற்காது. மெதுவாகப் போவது மரவட்டை, விறுவிறுவென்று ஓடுவது பூரான் என்று சொன்னால் போதும். காஞ்சொறிச் செடியையும் வழிகாட்டியிடம் கேட்டு முதலிலேயே காட்டிவிடுங்கள், அரை டிரவுசர் பிள்ளை உரசினால் அன்றைய நாள் போயிற்று.

எடுத்து வருவது பற்றி: இறகு, முள்ளம்பன்றி முள், கொம்புத் துண்டு எதுவும் பைக்குள் போகக் கூடாது. வனச்சட்டமும் அனுமதிக்காது. வரைந்துகொள், அங்கேயே வை. இதைத் தொடக்கத்தில் நான் கண்டிப்பாகச் சொல்லாமல் விட்டதால், பிறகு மாற்ற ஒரு வருடம் ஆயிற்று.

பெரிய விலங்கு எதிர்ப்பட்டால்

வழிகாட்டி சொன்னதுதான் சட்டம். காடர், மலசர் போன்ற பழங்குடி மக்கள் பலர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம், யானை எந்த மனநிலையில் என்பது அவர்கள் மூக்குக்கும் காதுக்கும் தெரியும். "அண்ணன் சொன்னா உடனே கேக்கணும்" என்று நடை தொடங்கும் முன் அவர் எதிரிலேயே பிள்ளையிடம் சொல்லுங்கள்.

யானையோ காட்டுமாடோ தெரிந்தால் சிலை விளையாட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்குதல், வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்குதல். இந்த வரிசைதான். காட்டுமாடு சாதுவாகத் தெரியும், தேயிலைக்குள் நம் ஊர் மாடுபோலவே நிற்கும். படம் எடுக்க நெருங்குகிறவர்களைத்தான் முட்டுகிறது. வண்டியில் இருந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், கண்ணாடி இறக்க வேண்டாம்.

சிறுத்தை பற்றி வால்பாறைக்குப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். அங்கே எஸ்டேட் குடியிருப்புகளில் குழந்தைகள் தாக்கப்பட்ட துயரங்கள் நடந்திருக்கின்றன. சின்ன உருவம், தனியாக, பொழுது சாய்ந்த வேளையில், தேயிலைப் புதருக்குப் பக்கத்தில்: ஆபத்து அப்படித்தான் வருகிறது. ஆகவே ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் உள்ளே. விடுதி முற்றத்தில்கூடப் பந்து விளையாட்டு வேண்டாம். இருட்டிய பிறகு காருக்குப் போவதானாலும் கையைப் பிடித்து, டார்ச் அடித்துக்கொண்டு. பகலிலும் சிறுநீர் கழிக்கப் புதருக்குள் தனியாக அனுப்பாதீர்கள். இதையெல்லாம் பிள்ளையிடம் பயமுறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. "சாயங்காலம் ஆனா இந்த ஊர் அவங்களுது" என்று சொன்னேன், என் மகள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டாள்.

நாட்டுக்குரங்குதான் உண்மையில் அதிகத் தொந்தரவு. பிஸ்கட் கவர் சத்தத்துக்கே வந்துவிடும், அதன் கைக்குக் குழந்தையின் கை சரியான உயரம். குரங்கு தெரியும் இடத்தில் உணவைத் திறக்கவே கூடாது. பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லிக்கொடுங்கள். கீறினாலோ கடித்தாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சின்னக் கீறல்தானே என்று நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. அவசரத்துக்கு 108. பல இடங்களில் சிக்னல் இராது, ஆகவே பக்கத்து அரசு மருத்துவமனை எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை

மழைக்காலச் சோலையில் அட்டை ஏறாமல் இராது. பிள்ளை அட்டையைப் பார்க்கும் முன் உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் அலறினால் முடிந்தது. காலுறையைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்து விடுங்கள், உப்பை ஒரு துணியில் முடிந்து கொண்டுபோய் ஷூவின் மேல் தேயுங்கள். கடித்துவிட்டால் தீக்குச்சியால் சுட வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். மெலிந்த முனைப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வலிக்காது, அரிக்கும். என் மகன் இப்போது அட்டையைக் கண்டால் அது உடம்பை வில்லாக வளைத்து நடப்பதை விரலால் செய்து காட்டுகிறான்.

வீடு திரும்பிய இரவும் அடுத்த இரண்டு வாரமும்

வெந்நீரில் குளிக்க வைக்கும்போது அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமுடி, எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். போட்ட துணிகளைத் தனியாகத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "புதர்க்காட்டில் நடந்தோம்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் இருக்கிறது. உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அது முக்கிய அடையாளம், சிலருக்கு அது இராமலும் போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும் நோய். சாதாரண சளிக்காய்ச்சல் என்று விட்டால்தான் சிக்கல்.

நோட்டைத் திறந்து வைத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். எங்கள் வீட்டு நோட்டில் மரவட்டை ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, காட்டுமாடு அதன் கால்மாட்டில் எறும்பளவு. பக்கத்தின் கடைசியில் "கேட்டோம், பார்க்கவில்லை" என்று ஒரு பட்டியல் போடுவோம். லாங்வுட்டில் கேட்ட சீகாரப் பூங்குருவி இரண்டு வருடமாக அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அடுத்த ஜனவரியில் எங்கே போகலாம் என்று கேட்டால், மகள் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறாள்.